சுவரில் வரைந்த சங்கு

பால்வாடியில் ஆயா வேலைக்கு என்னை எடுத்தபோது எனக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. எங்கள் பக்கம் பாட்டியைத்தான் ஆயா என்று கூப்பிடுவார்கள். மூன்று வயதும் நான்கு வயதுமான பிள்ளைகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு "ஆயா, ஆயா" என்று கத்தும்போது, தெருவில் போகிறவர்கள் உள்ளே யாரோ கிழவி இருக்கிறாள் என்று எட்டிப் பார்ப்பார்கள். என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார்கள். நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன்.

அப்போது நான் அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதில் எனக்கு வெட்கமில்லை, எங்கள் தெருவில் அது ஜாஸ்திப் படிப்பு. ஆனால் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க வராது. கடையில் போய்க் கால் கிலோ பருப்பு கேட்பதற்குள் எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பால்வாடி வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அதுதான். பெருக்க வேண்டும், கஞ்சி காய்ச்ச வேண்டும், பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட வேண்டும். பேசுகிற வேலையெல்லாம் டீச்சருடையது.

இதெல்லாம் எண்பதுகளின் தொடக்கத்தில். ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில் எங்கள் ஊர். தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப்பு என்போம். ஷாப்புக்கார பாய் புதிதாகப் பெரிய கிடங்கு கட்டிக்கொண்டதும், தோல் பதனிட ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொட்டிவைத்திருந்த பழைய கிடங்கைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தார். அதுதான் எங்கள் பால்வாடி. எத்தனை தடவை பெருக்கினாலும் மூலையிலிருந்து நாலு கடுக்காய் உருண்டு வரும்.

டீச்சர் பாடினால் தெருமுனை வரை கேட்கும். அவர் சுவரில் ஒரு பெரிய படம் ஒட்டி வைத்திருந்தார். டாக்டர், போலீஸ்காரர், தபால்காரர், வாத்தியார், ஏர் ஓட்டும் உழவர் என்று வரிசையாக நிற்பார்கள். டீச்சர் குச்சியை டாக்டர்மேல் வைத்து, "பெரிய ஆளானா என்ன ஆகப்போறீங்க?" என்பார். "டாக்டரு!" என்று எல்லாரும் கத்துவார்கள். குச்சி நகரும். "போலீசு!" குச்சி எங்கே போகிறதோ அதுவாகவே பிள்ளைகள் ஆனார்கள். சத்தமாக ஆனால் போதும்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி கத்த மாட்டாள். ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. ரெட்டைப் பின்னலை ரிப்பனுக்குப் பதில் சிவப்பு ஷூ லேசால் கட்டியிருப்பாள். அவள் அப்பா ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. தோலிலிருந்து மயிர் கழன்று வருவதற்காகச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பார்களே, அந்தத் தொட்டி. அவருக்கு நகமெல்லாம் வெளுத்திருக்கும். அவரை நான் அண்ணன் என்பேன், பேச்சிலும் அவர் எனக்கு அண்ணன்தான். நானாவது மூன்று வார்த்தை பேசுவேன், அவர் இரண்டோடு நிறுத்திக்கொள்வார். அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து கம்பெனியிலிருந்து வரும் ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுப்பாள். ஊசி வேகமா வாய் வேகமா என்று பந்தயம் வைத்தால் வாய்தான் ஜெயிக்கும். இடுப்பில் ஒரு கைக்குழந்தை, பையன்.

ஒருநாள் சாயங்காலம் பெண்ணை அழைத்துப்போக வந்தவள் டீச்சரிடம் சொன்னாள்:

"டீச்சரம்மா, ஜூன் மாசத்தோட இவள நிறுத்திக்கிறேன்."

"ஆமாம்மா, ஜூன்ல ஒண்ணாவது சேர்த்துடுங்க. வயசு வந்துடுதே."

"ஒண்ணாவதுமில்ல, ரெண்டாவதுமில்ல. ஜூன்லருந்து எனக்குக் கம்பெனியில எடம் தர்றேன்னுட்டாங்க. பஸ்ஸு நம்ம தெருமுனைக்கே வரப்போவுதாம். இவன யாரு பார்த்துக்குவா? இவதான்."

"அஞ்சு வயசுக் குழந்தை, குழந்தையைப் பார்த்துக்குமா?"

"நான் பார்த்துக்கலியா எங்க தம்பிய? கீழ போட்டனா? இன்னாத்துக்கு டீச்சரம்மா, ஸ்கூலுக்குப் போய் இவ கலெக்டரா ஆவப்போறா?"

டீச்சர் என்னென்னவோ சொன்னார். அவள் கேட்டுக்கொண்டு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பெண் போகும்போது தம்பியின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே போனாள். எனக்கு என்னவோ போலிருந்தது. நானும் அப்படித்தான் ஐந்தாவதோடு வீட்டுக்கு வந்தவள். இவளுக்கு ஒன்றாவதுகூட இல்லையே என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, சொல்லவில்லை.

தீபாவளி முடிந்ததும் டீச்சர் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். வேறு டீச்சர் வருவார் என்று ஆபீஸில் சொன்னார்கள், வரவில்லை. "கொஞ்ச நாள் பார்த்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேன். பாடுவதுதான் என்னால் ஆகாது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். பிள்ளைகள் சும்மா விடுமா? "ஆயா, படம் சொல்லு, படம் சொல்லு" என்று படத்தைக் காட்டிக் கத்தும். நான் குச்சியை எடுத்து வைப்பேன், அவர்களே சொல்லிக்கொள்வார்கள். இப்படி ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் நான் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரே கும்மாளம். போய்ப் பார்த்தால், எதிர்வீட்டு வெள்ளாடு முன்னங்கால் இரண்டையும் சுவரில் வைத்துக்கொண்டு படத்தைத் தின்கிறது. மைதா பசை போட்டு ஒட்டியது, அதற்கு ருசியாக இருந்திருக்கும். டாக்டர் போய்விட்டார். போலீஸ்காரருக்கு இடுப்புக்கு மேலே ஒன்றும் இல்லை. பிள்ளைகள் ஆட்டை விரட்டவில்லை, "தபால்காரர தின்னு, தபால்காரர தின்னு" என்று அதற்கு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் இழுத்தபோது என் கையில் உழவரின் ஒரு மாடு மட்டும் மிஞ்சியது.

அன்று சாயங்காலம் வரை சிரித்தார்கள். மறுநாள் படம் இல்லாத சுவரைப் பார்த்து அழ ஆரம்பித்தார்கள். ஒருவன் அழுதால் போதுமே, கிடங்கு முழுக்க அழுகை. பாட வராதவள் என்ன செய்ய? ஷூ கம்பெனி அட்டைப்பெட்டிகள் நாலைந்து கஞ்சி மாவு கொட்டிவைக்க வாங்கிப் போட்டிருந்தோம். ஒன்றைக் கிழித்துத் தரையில் விரித்தேன். அடுப்புக்கரி ஒரு துண்டை வைத்தேன். "நீங்களே போடுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அழுகை நின்றுவிட்டது.

கரி ஒன்று போதவில்லை, சண்டை வந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. மூலையில் உருளும் கடுக்காயைத் தட்டி, துருப்பிடித்த இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் மறுநாள் தண்ணீர் மை மாதிரி கறுத்திருக்கும். ஆவாரம்பட்டை ஊறினால் காவிநிறத் தண்ணீர். செங்கல்லைப் பொடித்தால் செங்கல் நிறம். அடுப்படியில் மஞ்சள்தூள் இருந்தது. தூரிகைக்கு என்ன செய்வது என்று நான் முழித்ததை அந்தப் பெண் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அண்ணன் ஷாப்பிலிருந்து ஆட்டு மயிரைக் கழுவிக் காயவைத்து, துடைப்பக் குச்சிகளின் நுனியில் நூலால் இறுக்கிக் கட்டிக் கொண்டுவந்து கதவருகில் வைத்துவிட்டுப் போனார். கொஞ்சம் சுண்ணாம்பு வாசனை அடிக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு வாசனையே இல்லை.

பிள்ளைகள் ஆடு வரைந்தார்கள், ஆடு தின்ற போலீஸ் வரைந்தார்கள். டீச்சர் கேட்ட கேள்வியை நானும் கேட்டுப் பார்ப்போம் என்று ஒருநாள் தோன்றியது. எல்லாரையும் பார்த்துக் கேட்க வராது. ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் குந்தி, காதோடு கேட்டேன்: "பெரிய ஆளானா நீ இன்னா ஆவப்போற? போட்டுக் காட்டு."

குச்சி இல்லை, படம் இல்லை. காதோடு கேட்டால் கத்தவும் முடியாது. பிள்ளைகள் யோசித்தார்கள்.

ஒரு பையன் பெரிய அண்டா ஒன்றை அட்டை முழுக்கக் கறுப்பாகப் போட்டான். "நானு பிரியாணி மாஸ்டரு" என்றான். "நீ எங்கடா?" என்றேன். "உள்ள குந்திக்கினு கீறேன். துன்னுக்கினு கீறேன்." இன்னொருத்தி வட்டமாக ஒரு மஞ்சள் வெளிச்சம் போட்டாள். அது டார்ச்சு. அவள் பாயின் புதுக் கிடங்கு வாட்ச்மேன் ஆவாள். ஏனென்றால் வாட்ச்மேன் தாத்தா அந்த டார்ச்சை யாரையும் தொட விடுவதில்லை. கடைசியில் உட்கார்ந்திருந்த ஒரு குண்டுப் பையன் நீட்டமாக ஒரு கோடு போட்டு, அதன்மேல் நீட்டமாக ஒரு ஆளைப் போட்டான்.

"இது யாரு?"

"பள்ளிகொண்டா சாமி."

"நீ பூசாரி ஆவப்போறியா?"

"இல்ல ஆயா. சாமிதான் ஆவப்போறேன். படுத்துக்கினே இருக்கலாம். எல்லாரும் பொங்கல் எடுத்துக்கினு வந்து குடுப்பாங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் சத்தமாகச் சிரித்ததைப் பிள்ளைகள் அன்றுதான் முதலில் கேட்டார்கள்.

அந்த ஷூ லேஸ் பெண் மட்டும் தூரிகையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் குந்திக் கேட்டேன்.

"நான் ஒண்ணும் ஆவல ஆயா. நான் தம்பியப் பார்த்துக்கணும்."

"அது இப்போ. பெரிய ஆளானா?"

"அப்பவும் தம்பியப் பார்த்துக்குவேன்."

"தம்பியும் பெரிய ஆளாய்ட்டா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தம்பி பெரிய ஆளாவான் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நேரம் வாயைத் திறந்துகொண்டு யோசித்தாள். "எவ்ளோ பெரிசா?" என்றாள். "உங்கப்பா அவ்ளோ" என்றேன். அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, வரையவும் இல்லை. அன்று முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தாள். மறுநாளும் அப்படியே. நானும் தொந்தரவு செய்யவில்லை. தினமும் ஒரு தூரிகையை மட்டும் அவள் மடியில் வைத்துவிடுவேன்.

பொங்கல் நெருங்கியது. கிடங்குக்கு வெள்ளையடித்துக்கொள்ளச் சொல்லிப் பாய் ஒரு கூடை சுண்ணாம்பு கொடுத்தார். அண்ணன் தன் லீவு நாளில் வந்து ஒற்றை ஆளாகச் சுவர் முழுக்க அடித்தார். அடிப்பதற்காகப் பிள்ளைகளின் அட்டைகளையெல்லாம் வெளியே எடுத்து அடுக்கினோம், அவை பனியில் நனைந்து ஊறிப்போயின. மறுநாள் காலை கிடங்கு பால் மாதிரி இருந்தது. சுவர் சரியாகக் காய்ந்திருக்கவில்லை. பிள்ளைகளை நடுவில் உட்கார வைத்து, வண்ணக் கிண்ணங்களையும் கொடுத்துவிட்டு, காய்ந்த அட்டை ஏதாவது இருக்கிறதா பார்க்கலாம் என்று போனேன். அடுப்பில் கஞ்சி பொங்கியது, அங்கே நின்றுவிட்டேன்.

வழக்கத்துக்கு மாறாக ஒரு சத்தமும் இல்லை. பிள்ளைகள் சத்தம் போடாவிட்டால்தான் பயப்பட வேண்டும். பார்த்தால், அத்தனை பேரும் சுவரோரம் வரிசையாக நின்று வரைகிறார்கள். கோடு கோடாகக் கறுப்பு, காவி. நான் "ஐயோ" என்பதற்குள் டார்ச்சுப் பெண் வீறிட்டாள்:

"ஆயா! மஞ்சா செவப்பாயிடுச்சு!"

உண்மைதான். மஞ்சளில் வரைந்ததெல்லாம் பளீரென்று சிவந்துவிட்டது. சுண்ணாம்பு ஈரத்தில் மஞ்சள் பட்டால் வேறு என்ன ஆகும்? கல்யாணத்துக்கும் பிரசவத்துக்கும் எத்தனை தட்டில் நானே ஆரத்தி கரைத்திருப்பேன்! ஆனால் பிள்ளைகளுக்கு அது மாயம். யார் மஞ்சளைத் தொட்டாலும் சிவக்கிறது என்றதும் கறுப்பை விட்டுவிட்டு எல்லாரும் மஞ்சளுக்குப் பாய்ந்தார்கள். வாட்ச்மேன் டார்ச்சு சிவப்பு, சாமி சிவப்பு, பிரியாணி சிவப்பு. ஒவ்வொருவரையாகத் தூக்கிவந்து, கையைக் கழுவி, சுண்ணாம்பு கடிக்காமலிருக்கத் தேங்காயெண்ணெய் தடவினேன். ஒருவனுக்குத் தடவி முடிப்பதற்குள் முன்னே தடவினவன் மறுபடி சுவரில் இருப்பான்.

கடைசியாகத் தூக்கப் போனது அந்தப் பெண்ணை. சுவரின் ஓரத்தில், தனியாக நின்று வரைந்துகொண்டிருந்தாள். கறுப்பில் ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு புனல். புனலிலிருந்து வட்டம் வட்டமாகச் சிவப்பு. கம்பத்தின் கீழே ரெட்டைப் பின்னலோடு ஒரு பெண். என்னால் அவளைத் தூக்க முடியவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்படியே நின்றேன்.

சாயங்காலம் அம்மாக்கள் வந்தார்கள். வாசலிலேயே கூச்சல். "இன்னாடி இது, ரத்தக்களறியாட்டம்! நாளன்னிக்குப் பண்டிகைடி!" அந்தப் பெண்ணின் அம்மாதான் முதலில் உள்ளே வந்து, சுவரைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள்.

"அட, ஆரத்தி! இதுங்க செவுத்துக்கே ஆரத்தி எடுத்துட்டுதுங்கடோய். கண்ணு பட்டதெல்லாம் போச்சு. போங்க, போய்ப் பொங்கல் வேலையப் பாருங்க."

கூச்சல் சிரிப்பாகிவிட்டது. ஆனால் அவள் திரும்பி என்னிடம், "எங்க ஊட்டாளு அடிச்ச வெள்ளைடி இது. நாளைக்கு அவராண்ட நீயே சொல்லிக்கோ" என்றாள். அன்று ராத்திரி முழுக்க அண்ணனிடம் சொல்ல மூன்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து அண்ணன் வாளியோடு வந்தார். அவர் மனைவியும் இடுப்பில் பையனோடு கூடவே வந்தாள், வேடிக்கை பார்க்க. அவர் சுவரைப் பார்த்தார். மகள் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துத் தன் படத்துக்கு இழுத்துப்போனாள். அவர் குந்தினார்.

"இது இன்னாம்மா?"

"சங்கு. உன் ஷாப்பு சங்கு."

எங்கள் ஊரில் ஷாப்பு சங்குதான் எல்லாருக்கும் கடிகாரம். காலையில் அது ஊதி நிற்பதற்குள் கேட்டுக்குள் இருக்க வேண்டும். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணன் குடிக்கிற தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார்.

"கீழ யாரு?"

"நானு. நான் சங்கு ஊதுறவ."

அம்மா பின்னாலிருந்து, "சங்கு ஊதுறாளாம் சங்கு! வேற வேலையே கெடைக்கலியாடி ஒனக்கு?" என்றாள்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. "எப்போ ஊதுவ?"

"காலையில ஊத மாட்டேன். நீ தூங்குவ இல்ல? சாயங்காலத்துதுதான் ஊதுவேன். ரெண்டு வாட்டி."

"ஒரு வாட்டி போதாதா?"

"தோலு சுத்துற டிரம்மு சத்தத்துல ஒனக்குக் காது கேக்காதுன்னு சொன்ன இல்ல?"

அவர் சிரித்தார். அந்த அண்ணனுக்குச் சிரிப்பு உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். சிரித்துவிட்டு ரொம்ப நேரம் அந்தச் சிவப்பு வட்டங்களையே பார்த்தார். அப்புறம் சொன்னார், அவர் கணக்குக்கு அது பெரிய பேச்சு:

"சங்கு ஊதுறவரு டைம் ஆபீஸ்ல ஒக்காந்திருப்பாரு. கடியாரம் பாக்கத் தெரியணும். நம்பரு தெரியணும். ஸ்கூலுக்குப் போனாத்தான் ஆவும்."

"போறேம்ப்பா."

"எங்க போற?" அம்மா முன்னால் வந்தாள். "இந்தா, அப்பனும் பொண்ணும் என்னை வெச்சுக்கினே பேசி முடிச்சுட்டீங்களா? இவ ஸ்கூலுக்குப் போய்ட்டா இவன யாரு பார்த்துக்குவா? உங்க டைம் ஆபீஸ்காரரு வந்து தூளி ஆட்டுவாரா?"

அண்ணன் குனிந்து வாளியைப் பார்த்தார். பெண் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம், என்ன நினைத்தாளோ, என்னைப் பார்த்தாள்.

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். இரண்டு வயது முடியாத குழந்தையைப் பால்வாடியில் சேர்க்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். டீச்சர் வந்தால் என்ன சொல்வார் என்றும் தெரியாது. இருந்தும் வாய் திறந்துவிட்டது.

"இங்க வுடுங்கக்கா. நான் பார்த்துக்கிறேன்."

அவள் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். "யாரு பேசுனது? செவுரா பேசுச்சு?"

"நான்தான்க்கா."

"ஆத்தாடி! செவுரு பேசுதுடோய்!" என்று கன்னத்தில் கை வைத்தாள். அன்றிலிருந்து அவளுக்கு நான் செவுரு. 'ஏ செவுரு, கஞ்சி ஆச்சா?' 'செவுரு, தலை வாரலியா இன்னிக்கு?' இந்த வயதிலும் எங்கேயாவது பார்த்தால் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

"இவன் கடிப்பான், தெரியுமா?" என்றாள்.

"பரவால்லக்கா."

"ராவெல்லாம் ஊர்ல இல்லாத பேஜாரு பண்ணுவான்."

"பகல்லதான இங்க இருப்பான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சரி என்று அவள் சொல்லவில்லை. பையனை என் இடுப்புக்கு மாற்றிவிட்டு, "ஜூன் வரட்டும், பார்க்கலாம்" என்றாள். பையன் உடனே என் தோளைக் கடித்தான்.

அண்ணன் வெள்ளையடிக்க ஆரம்பித்தார். எல்லாம் போய்விடும் என்று பிள்ளைகளின் முகங்களை நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் மேலேயிருந்து அடித்துவந்து, ஒரு பிள்ளையின் கை எட்டுகிற உயரத்துக்கு வந்ததும் நிறுத்தினார். சுவர் நெடுக அந்த உயரத்தில் காவியால் ஒரு பட்டைக் கோடு இழுத்தார். "கோட்டுக்குக் கீழ அதுங்களுது" என்று சொல்லிவிட்டு வாளியைக் கழுவப் போனார்.

டீச்சர் பங்குனியில் வந்தார், கையில் பெண் குழந்தையோடு. உள்ளே நுழைந்ததும் அவர் கண் படத்தைத் தேடியது. நான் புடவை நுனியைத் திருகிக்கொண்டு, "ஆடு..." என்றேன். அதற்குமேல் வரவில்லை. டீச்சர் கோட்டுக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். "டாக்டர் எங்க? போலீஸ் எங்க?" என்றார்.

"போலீச ஆடு துன்னுடுச்சி டீச்சர்!" என்று சாமி ஆகப்போகிறவன் சொன்னான்.

டீச்சர் குழந்தையைக் கீழே விடாமல் சிரித்தார். அவரவர் படத்தின் முன்னால் அவரவரை நிறுத்திக் கேட்டார். அன்று பகல் முழுக்க அதுதான் பாடம். அண்டாவைப் பற்றிப் பிரியாணி மாஸ்டருக்குத் தெரிந்த அளவு டீச்சருக்குத் தெரியவில்லை. அவன் அப்பா விசேஷங்களில் அண்டா கழுவுகிறவர்.

பையனைப் பற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் வர இரண்டு நாள் ஆனது. டீச்சர், "நான் மட்டும் என் குழந்தையை எங்க விடப்போறேன்? ஒரு தூளி கட்டுற எடத்துல ரெண்டு கட்டு" என்றார். வாட்ச்மேன் தாத்தாவைக் கூப்பிட்டு உத்தரத்தில் இரண்டு கயிறு போட்டோம்.

அப்படியும் ஜூன் வரை எனக்கு நிம்மதி இல்லை. பிள்ளையின் அம்மா மனசு எப்போது மாறும் என்று யார் கண்டது? கம்பெனி பஸ் வரத் தொடங்கிவிட்டது. பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை பையனை வாங்கிக்கொள்ள அவர்கள் வீட்டுக்கே போனேன். பெண்ணுக்குப் புது ரிப்பன் இல்லை, புது ஷூ லேஸ், வெள்ளை. அம்மா கம்பெனிக்குக் கிளம்பி நின்றாள். "பஸ்ஸு வர்றதுக்குள்ள இவள ஸ்கூல்ல சேத்துட்டு ஓடணும், வா செவுரு நீயும்" என்றாள்.

அந்தக் காலத்தில் பிறந்த தேதி யாரிடம் இருந்தது? வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஒன்றாவது, இல்லாவிட்டால் அடுத்த வருடம். பெரிய வாத்தியார் மேசைக்குப் பின்னாலிருந்து, "கையத் தூக்கும்மா" என்றார்.

அவள் தூக்கினாள். விரல் காதுக்கு மேலே வந்து நின்றுவிட்டது. எக்கினாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு எக்கினாள். எட்டவில்லை. இந்த வருடம் போனால் அடுத்த வருடம் யார் சேர்க்கப் போகிறார்கள்? பெண்ணை வீட்டில் நிறுத்திக்கொள்ள அம்மாவுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது.

பின்னால் அம்மா நின்றிருந்தாள். கூரை ஓடுகளை எண்ணுகிறவள் மாதிரி மேலே பார்த்துக்கொண்டே, ஒற்றை விரலால் மகளின் தலையை மெல்ல வலது தோள்பக்கமாகச் சாய்த்தாள். விரல் காதைத் தொட்டது. தொட்டது மட்டுமில்லை, பெண் காதைப் பிடித்து இழுத்தே காட்டினாள்.

பெரிய வாத்தியார் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்து பேனா மூடியைத் திறந்தார்.

வெளியே வந்ததும், "இன்னா அப்டி பாக்குற? பஸ்ஸுக்கு நேரமாவுதுன்னுதான்" என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். நான் பையனைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு வந்தேன். வழி நெடுகக் கடித்தான்.

அதற்கப்புறம் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் தம்பியை அழைத்துப்போக அவள் வருவாள். உடனே போக மாட்டாள். சாயங்காலச் சங்குக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும். சுவரில் தன் படத்துக்கு எதிரே நிற்பாள். கம்பத்தின்மேல் விரலை வைத்து அழுத்துவாள். அழுத்தினவுடன் ஷாப்பில் சங்கு ஊதிவிட்டால், "ஊதிட்டேன் ஆயா!" என்று குதிப்பாள். ஊதாவிட்டால் டைம் ஆபீஸ்காரருக்குத் திட்டு விழும். ஜன்னல் வெயிலில் அந்த நிறம் வெளுத்துவிடும். அவ்வப்போது வட்டங்களைப் புதிதாகப் போட்டுக்கொள்வாள். சுவர் காய்ந்துவிட்டதால் அப்புறம் அது சிவக்கவில்லை, மஞ்சளாகவே நின்றது.

அடுத்த பொங்கலுக்கு அண்ணன் வெள்ளையடிக்க வந்தார். கோட்டுக்கு மேலே அடித்து முடித்துவிட்டு, கீழே அடிக்கலாமா வேண்டாமா என்று பிள்ளைகளைக் கேட்டார். புதுசு போட வேண்டும், அடி என்றார்கள். சங்கை மட்டும் விட்டுவிடட்டுமா என்று மகளைக் கேட்டார்.

"அதையும் அடிப்பா" என்றாள்.

"ஏண்டி, சங்கு வேணாமா?"

"அப்பாவுக்குக் கடியாரம் பாக்கச் சொல்லிக் குடுத்துட்டேன் ஆயா. சின்ன முள்ளு, பெரிய முள்ளு, எல்லாம். டைம் ஆபீஸ் கடியாரத்த அவரே பாத்துக்கிறாரு. இனிமே அவருக்குச் சங்கு எதுக்கு?"

அண்ணன் மட்டையை வாளியில் முக்கிக்கொண்டே, டீச்சர் மேசை டைம்பீஸை எட்டிப் பார்த்து, கொஞ்சம் வெட்கப்பட்டவர் மாதிரி, "அஞ்சே கால்" என்றார். யாரும் அவரை மணி கேட்கவில்லை.

"அப்போ நீ இன்னா ஆவப்போற?" என்றேன்.

அவள் தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, வெள்ளை விழுந்துகொண்டிருக்கும் சுவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"யோசிக்கிறேன் ஆயா. நீ மஞ்சா கரைச்சு வை."